மூடி போட்ட செம்பு

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரிந்ததும், விருதுநகரில் இருக்கும் ஒரு டாக்டரிடம் போகச் சொன்னார்கள். கெட்டிக்காரர், ஆனால் ஆளைத் துளைத்து எடுத்துவிடுவார் என்றும் சொன்னார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. திருத்தங்கலில் எங்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டில்கூட செல்போன் கிடையாது. பஸ் ஏறிப் போய் வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் உள்ளே போனவர் முக்கால் மணி நேரமாக வெளியே வரவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

உள்ளே போனால், டாக்டர் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "நேத்துக் காலைல முழிச்சதுலருந்து படுத்தது வரைக்கும் சொல்லுங்க. ஒண்ணும் விடக் கூடாது" என்றார். இவர் சொல்லச் சொல்ல எழுதினார். சாத்தூர்ச் சேவு எத்தனை கை அள்ளினார், கருவாடு வாரத்தில் எத்தனை நாள் என்பது வரைக்கும் கேட்டார். டாக்டரா, போலீஸ்காரரா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இவருக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. அலுமினியப் பொடிக்கு ஈரம் ஆகாது என்பதால் அந்த அறைப் பக்கம் தண்ணீரே கொண்டுபோக மாட்டார்கள். காலையில் நுழைந்தால் சாயங்காலம் வரை வாயில் ஒரு சொட்டுப் படாது. இருபது வருடம் அப்படியே ஓட்டியிருக்கிறார். அதைக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"குடிக்க வேண்டிய காலத்துல குடிக்காம இருந்துட்டீக. இனிமே தாகம் எடுக்கும், ஆனா குடிக்கக் கூடாது. உள்ள போற தண்ணி வெளிய போகாது. நெஞ்சுல ஏறிரும்."

எல்லாருக்கும் ஒரே அச்சடித்த தாள் கொடுக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. எங்களுக்கு முன்னால் வந்த கல்லடைப்புக்காரரைக் குடம் குடமாகக் குடிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். இவருக்கு ஒரு பாட்டிலை எடுத்து, முக்கால் லிட்டருக்குத் தன் கையால் கோடு போட்டுக் கொடுத்தார். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். ஒரு எடை மெஷினையும் கொடுத்து, தினமும் காலையில் எடை பார்த்துத் தனக்குப் போன் பண்ணிச் சொல்லச் சொன்னார். தெருமுனை பூத்திலிருந்து நான் பேசுவேன். வேறு யாரும் எடுக்க மாட்டார்கள், அவரே எடுப்பார்.

தாகம் என்றால் என்ன என்று அந்தச் சித்திரை மாதத்தில்தான் பார்த்தேன். இவருடைய உதடு வெள்ளை பூத்துவிட்டது. பேச வாயைத் திறந்தால் மூத்திர வாடை அடித்தது. ஒரு நாள் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ஆனைக்குட்டம் போயிருந்தோம். ஆளைக் காணோம் என்று தேடினால், கொளுத்துகிற வெயிலில் அணைக்கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் யார் என்று பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். 

ஆனாலும் திருடிக் குடிக்கிற மனுஷன் இல்லை அவர். கோட்டுக்கு மேல் ஒரு மடக்கு போகாது. மருந்து அறையை விட்டு மாற்றி, கம்பெனியின் பின்பக்கக் காட்டில் காவலுக்குப் போட்டிருந்தார்கள். ஃபோர்மேனிலிருந்து கூட்டுகிற அக்கா வரை எல்லாரிடமும், இவர் தண்ணீர் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை.

ஆனால் எடை ஏறியது. அநேகமாகத் தினமும் அரைக் கிலோ. போனில் சொன்னால் டாக்டர் குறித்துக்கொள்வார். "சரிம்மா" என்று வைத்துவிடுவார். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு வாங்கியது. குடிக்காத மனுஷனின் உடம்புக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. சில காலைகளில் அந்த எடை மெஷினைத் தொடவே கை கூசியது.

இரண்டாவது வாரம் டாக்டர் எங்களை வரச் சொன்னார். இவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"அவரோட நாளைக் கேட்டாச்சு. இப்ப ஒங்க நாளச் சொல்லுங்க."

"நோயி எனக்கா சார்?" என்றேன்.

"திங்கக்கெழமை காலைல மட்டும் எடை ஏறல. கம்பெனிக்குப் போன மறுநாள்தான் ஏறுது. நீங்களும் அங்கனதான வேல பாக்கீக. சொல்லுங்க."

சொன்னேன். காலையில் சோறு வடித்தது, ஏழு மணிக்குக் கம்பெனி, சரவெடி பின்னியது, மத்தியானச் சாப்பாடு, மறுபடி பின்னியது. அவர் எழுதியதைத் திரும்பப் பார்த்தார்.

"பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும்கிறீக. ஒரு மணிக்குச் சாப்பிட்டேன்கிறீக. நடுவுல அரை மணி நேரம் எங்க போனீக?"

பொட்டைப்பிள்ளைகள் எங்களுக்குள் மட்டும் வைத்திருந்த சங்கதி அது. ஆண்களுக்குத் தெரியாது. ஃபோர்மேனுக்குத் தெரிந்தால் மருந்து அறைப் பக்கம் தண்ணீர் கொண்டுபோனதற்கு வேலையை விட்டே நிறுத்திவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனியின் கடைசி மருந்து அறை வெடித்ததில், அங்கே வேலை பார்த்த என் தங்கச்சி போய்ச் சேர்ந்தாள். கூட இரண்டு பேர். ஆஸ்பத்திரியில் அவள் கடைசி வரை கேட்டது தண்ணீர்தான். வெந்த உடம்பு, கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நானும் கொடுக்கவில்லை. அந்த அறையைத் திரும்பக் கட்டிய பிறகு, அதற்குப் பின்னால் தள்ளி நிற்கும் உடைமரத்தடியில் மத்தியானம் ஒரு பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் வைத்து, தட்டால் மூடிவிட்டு வருவேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டும் வருவேன். அந்த நேரம் காட்டில் ஒரு காக்கா சத்தம்கூட இருக்காது. இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன்.

"சாயங்காலம் செம்ப எடுக்கப் போவீகளா?"

"ஆமா சார்."

"தண்ணி இருக்குமா?"

"மொதல்ல எல்லாம் கொஞ்சம் கொறையும் சார். இப்ப பத்து நாளா சொட்டு இருக்காது. மூடி மட்டும் வச்சது வச்சபடி இருக்கும். அவ குடிக்கான்னு..." என்றேன்.  நெஞ்சு நிறைந்துதான் சொன்னேன். இரண்டு வருடம் கழித்தாவது தங்கச்சி தாகம் தீர்கிறாள் என்று நான் ஒருத்தி சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்னையே பார்த்தார். "பத்து நாளாவா?" என்று மட்டும் கேட்டார். இவரைக் காவலுக்குப் போட்டும் பத்து நாள்தான் ஆகியிருந்தது. 

இவர் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார். டாக்டர் அதட்டவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ஒடமரத்தடிச் செம்புல எம்புட்டு குடிப்பீக?"

இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "பாதி சார். பாதிக்கு மேல தொட்டதில்ல. மூடிட்டு வந்துருவேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "செம்பு எம்புட்டும்மா பிடிக்கும்?"

"ஒரு லிட்டரு."

அவர் எடைத் தாளைப் பார்த்தார். அரைக் கிலோ, அரைக் கிலோ, அரைக் கிலோ. இவர் பொய் சொல்லவில்லை. மீதிப் பாதி எங்கே போயிற்று என்று டாக்டர் என்னைக் கேட்கவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அம்புட்டுத் தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. தெரிஞ்சேதான குடிச்சீக? ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கதி என்னன்னு நெனச்சீகளா?" என்று கத்திவிட்டேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. நான் எதற்குக் கத்துகிறேன் என்றே விளங்காத முகம்.

"நீதான வச்ச புள்ள? நீ வச்சிட்டு நிக்கத நான் பாத்தனே. எல்லார் முன்னாலயும் குடுக்க முடியாம, மனசு கேக்காம எனக்குன்னு கொண்டாந்து வைக்கியேன்னு நெனச்சேன். நீ குடுத்தத வேண்டாம்னு எப்படிச் சொல்ல? முழுசாக் குடிச்சு நான் போய்ட்டேன்னா பழி ஒன் மேல வந்துருமேன்னுதான் பாதியோட நிறுத்திக்கிட்டேன்."

செம்பில் தண்ணீர் மொண்ட அத்தனை நாளில் ஒரு நாள்கூட நான் இவரை நினைத்ததில்லை. டாக்டருக்கு அது தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"ஆமா" என்றேன். "ஒங்களுக்குத்தான் வச்சேன்."

டாக்டர் குனிந்து எழுத ஆரம்பித்தார்.