நீல மூடி வாளி

என் மனைவியின் சீருடைக் கால்சட்டையை நான் மூன்றாவது முறையாகப் பிரித்த நாளில் இது ஆரம்பித்தது. நான் தையல்காரன். யாருக்குக் கால்சட்டை தைத்தாலும் பின்பக்கத் தையலுக்குள் கொஞ்சம் துணியை மடித்து விட்டுத்தான் தைப்பேன். ஆள் பருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். இவளுக்கு முந்தின வருடம் முக்கால் அங்குலம் விட்டேன், போன வருடம் ஒரு அங்குலம். இந்தத் தடவை உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் விளிம்புதான் தட்டுப்பட்டது.

"இதுக்கு மேல விடறதுக்குத் துணி இல்ல," என்று கால்சட்டையை மேசைமேல் எறிந்தேன். "அப்படி என்னதான் திங்கற நீ?"

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பேருந்துக் கம்பெனி மருத்துவரின் தாள்.

"மூணு மாசச் சராசரி சர்க்கரை ஒன்பதரையில நிக்குதாம். மாத்திரை குடுத்திருக்காரு. மூணு மாசம் டைம். எட்டுக்குக் கீழ வரலேன்னா வண்டியத் தொட விடமாட்டாங்க. கவுண்டர்ல உக்கார வெச்சுடுவாங்க."

"உக்காந்துக்கோயேன். என்ன கெட்டுப்போச்சு?"

"என்ன கெட்டுப்போச்சா?" என்றாள். "உங்ககிட்டேருந்து மெஷினப் புடுங்கிட்டு பட்டன் தைங்கன்னு சொன்னா தைப்பீங்களா?"

நான் எறிந்த கால்சட்டையை எடுத்து மடித்தேன்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பதினொரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறாள். அண்ணனின் காய்கறி லாரியைச் சந்துக்குள் ரிவர்ஸிலேயே ஓட்டி ஓட்டிக் கை பழகியவள். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு முக்கு இருக்கிறது. பன்னிரண்டு மீட்டர் வண்டியை அங்கே திருப்ப மற்ற ஓட்டுநர்கள் முன்னும் பின்னும் நாலு தடவை நகர்த்துவார்கள். பின்னால் மாட்டியவன் ஹாரன் அடித்தே செத்துவிடுவான். இவள் ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள். அதனால் டிப்போவில் அவள் பெயர் 'ஒரேமூச்சு'. அந்த ஒரேமூச்சு எங்கள் வீட்டு மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் மேலே நின்று, "என்ன, வண்டி பிரேக்டவுனா?" என்று கேட்பேன். என் கிண்டலின் லட்சணம் அவ்வளவுதான்.

உபதேசம் பண்ணக் காசா பணமா? மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். வாயைக் கட்டு, வயிற்றைக் கட்டு, அதைத் தின்னாதே, இதைத் தொடாதே. யாரோ சொன்னார்கள் என்று ஒரு பச்சைப் பொடி வாங்கி வந்தேன். தண்ணீரில் கலக்கினால் குளத்துப் பாசி வாடை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் குடித்தாள், பத்தாம் நாள் குடித்த வேகத்தில் வாந்தி எடுத்தாள். தாண்டிக் குதிக்கக் கயிறு வாங்கிக் கொடுத்தேன், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கூரை இடிகிறதா என்று கேட்டார். ஜிம்முக்கு அனுப்பினேன், அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

"படுன்னு ஒரு பாயக் காட்டுறான். எவனோ ஒருத்தனோட வேர்வை அதுல சொதசொதன்னு நிக்குது. துடைக்கத் துணி கேட்டா, ஃபோகஸ் பண்ணுங்க மேடம்ங்கறான். தூ!"

மூன்று வாரம் இப்படியே போனது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை இருந்த இடத்திலேயே நின்றது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் அவள் கொஞ்சம்தான் சாப்பிடுகிறாள், அதை நானே பார்க்கிறேன். அப்படியானால் எங்கேயோ திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் குளிக்கும்போது அவள் பையைத் துழாவினேன். கட்டின பெண்டாட்டியின் பையை! இப்போது எழுதும்போதே கூசுகிறது. உள்ளே தண்ணீர் பாட்டில், கைத்துண்டு, அப்புறம் காகிதத்தில் சுற்றிய பாதி பன். பல் பதிந்த பன்.

"இது என்ன?" என்று கேட்டேன், திருடனைப் பிடித்த போலீஸ் மாதிரி.

"உங்க பொண்ணு ஸ்கூல்ல மிச்சம் வெச்சது," என்றாள் தலையைத் துவட்டிக்கொண்டே.

அப்போதும் என் மரமண்டையில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தோம். எங்களுக்குப் பத்து வயதில் ஒரு பையன், ஆறு வயதில் ஒரு பெண். என் மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் தண்ணீர் குடிக்கப் பின்னாலேயே போனேன். கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடி அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பையன் தட்டில் ஊறிப் பருத்த நூடுல்ஸ். பெண் தட்டில் வெள்ளையை மட்டும் கடித்துவிட்டுத் துப்பிய முட்டை மஞ்சள். என் தட்டில் மீன் முள்ளோடு பிசைந்து ஒதுக்கிய சோறு. முள்ளை விரலால் தள்ளிவிட்டு அந்தச் சோற்றை வழித்து வாயில் போட்டாள், மெல்லக்கூட இல்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மூன்று தட்டும் காலி.

கையில் எடுத்த டம்ளரோடு கத்தினேன்.

"சீ! எச்சிலப் போய்த் திங்கறியே, அசிங்கமா இல்ல?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வாயில் இன்னும் சோறு இருந்தது. விழுங்கிவிட்டுக் கேட்டாள்:

"யாரு எச்சில்?"

நான் என் தட்டைப் பார்த்தேன்.

"கொட்ட மனசு வரலங்க. சோறு அது. காலையில மூணு தட்டு, ராத்திரி மூணு தட்டு, ரெண்டு டிபன் டப்பா. நீங்க மூணு பேரும் வேணாம்னு எந்திரிச்சுப் போயிடறீங்க. அப்புறம் நான் எதைத் திங்கறேன்னு என் பையில தேடறீங்க."

என் கையில் இருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு தட்டைக்கூட வழித்துச் சாப்பிட்டதில்லை. வழித்துத் தின்பது பஞ்சத்தில் அடிபட்டவன் வேலை என்று எனக்கு ஒரு பெரிய மனுஷத்தனம்.

மறுநாள் டிப்போவிலிருந்து ஒரு காலிப் பெயின்ட் வாளியைக் கழுவிக் கொண்டுவந்தாள். நீல மூடி. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தாள்.

"இனிமே என் வயித்துல கொட்டறத இதுல கொட்டுங்க. அவங்கவங்க தட்ட அவங்கவங்க. நாலு நாளைக்கு யாரும் இத வெளியில எடுத்துட்டுப் போகக் கூடாது."

நாலாம் நாள் சாயங்காலம் எங்கள் மூவரையும் வரிசையாக நிற்க வைத்து மூடியைத் திறந்தாள். அந்த நாற்றத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மேலே வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. ரொட்டித் துண்டுகள் பால் ஆடையில் ஊறி வீங்கிக் கிடந்தன. ஓரத்தில் புழு நெளிந்தது. என் மீன் முள் ஒன்று நடுவில் நட்டுக்கொண்டு நின்றது. பெண் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். பையன், "மூடும்மா, மூடு!" என்று அலறினான்.

அவள் மூடவில்லை. "இது நாலு நாளு," என்றாள். "நான் பதினோரு வருஷம்."

அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கியவன் நான். படியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே சளக் சளக் என்றது. குப்பைமேட்டில் கவிழ்த்துவிட்டு அங்கேயே குனிந்து நானும் வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் மாறின வேகம் எனக்கே ஆச்சரியம். கடைசி நிறுத்தத்தில் அவளுக்கு இருபது நிமிஷம் ஓய்வு கிடைக்கும். முன்பெல்லாம் சீட்டிலேயே சாய்ந்து டீயும் பிஸ்கட்டும். இப்போது இறங்கி, நிற்கிற வண்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். சுற்றுச்சுவர் முழுக்க ஆண்கள் பெய்து வைத்த மூத்திர நாற்றம், தரையெல்லாம் டீசல் குட்டை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தாள். அவள் வண்டி கண்டக்டர் பையன் முதல் வாரம், "என்னக்கா, பஸ்ஸத் தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டானாம். "ஆமாடா, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி தொலைச்சது. வா, சேர்ந்து தேடலாம்," என்றாளாம். மூன்றாம் வாரம் அவனும் கூட நடந்தான். டப்பாவில் அவித்த முட்டை, வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடி சோறு, அவ்வளவுதான் அவள் மதியச் சாப்பாடு. மாடிப்படியில் ஒரு இடத்தில்தான் நின்றாள், அப்புறம் அங்கேயும் நிற்கவில்லை. ஆறாவது வாரம் அவள் கால்சட்டையை நான் ஒரு அங்குலம் பிடித்துத் தைத்தேன்.

வாளியும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லயே, பசங்க திருந்திட்டாங்க!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! நானும் சிரித்தேன்.

பசங்களாவது திருந்தறதாவது. நான் தின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாளி நிறைவதை என்னால் தாங்க முடியவில்லை. முதல் நாள் ரொட்டி ஓரம் ஒன்றுதான். வாளிக்குப் பக்கத்தில் பையன் தட்டோடு நின்றபோது, "குடு இங்க," என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். மறுநாள் பெண் மிச்சம் வைத்த பாதி உருளைக்கிழங்கு. பிறகு பிள்ளைகளுக்கே பழகிவிட்டது. அந்த மாதம் அவளுக்குக் காலை ஷிப்டு, ஐந்து மணிக்கே போய்விடுவாள். இரண்டும் தட்டை நேராக என்னிடம் நீட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடும். நான் தொட்டிக்கு முன்னால் நின்று, ஊறின நூடுல்ஸையும் துப்பின மஞ்சளையும் வழித்துப் போடுவேன். முதல் வாரம் குமட்டியது. இரண்டாம் வாரம் குமட்டவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது குமட்டுகிறது. வீணாகப் போகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், அவளுக்காகத்தானே என்றும் சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் என் கால்சட்டைக் கொக்கி தெறித்து மெஷினுக்கு அடியில் ஓடியது. துணி சுருங்கிவிட்டது என்றேன். கடைக்கு வருகிற ஒவ்வொரு தொப்பைக்காரனும் இதையே சொல்வான், அவன் போன பிறகு நான் சிரிப்பேன். டேப்பை இடுப்பில் சுற்றினேன். முப்பத்து நாலாக இருந்தது முப்பத்தாறு. என் கால்சட்டைக்குள்ளும் துணி மடித்து விட்டிருந்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பிரித்து விட்டேன்.

மூன்று மாதம் முடிந்த அன்று இருவருமாகக் கம்பெனி மருத்துவமனைக்குப் போனோம். நாற்காலியில் உட்கார முடியாமல் அவள் வராந்தாவிலேயே நடந்துகொண்டிருந்தாள்.  மருத்துவர் தாளைப் பார்த்தார்.

"ஏழு. போய் வண்டிய எடும்மா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும், "ஒன்பதரையிலேருந்து ஏழு! ஏழு!" என்று நர்ஸிடம் சொன்னாள், ஏதோ அந்தம்மாவுக்குத் தெரியாதது போல.

நர்ஸ் சிரித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் கையக் குடுங்க சார். வயசு முப்பத்தெட்டு இருக்குமா? வந்தது வந்தீங்க, ஒரு குத்துதான்."

மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. குத்தினார். கருவியில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க, டாக்டரப் பார்த்துட்டே போயிடுங்க," என்றார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

என் மனைவி அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். பிரித்து விட்ட இடத்தில் பழைய தையல் தடம் கோடாகத் தெரிந்தது. தையல்காரன் பெண்டாட்டிக்கு அது தெரியாதா?

"வாளி," என்றாள். "அது காலியா இருந்தது உங்களாலயா?"

தலையை ஆட்டினேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. இவ்வளவு நேரம் நடந்துகொண்டிருந்தவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தூ," என்றாள் மெதுவாக. "வீடு திருந்திடுச்சுன்னு டிப்போ பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன். குப்பைத்தொட்டிதான் மாறியிருக்கு."

அன்று ராத்திரி அவள் யாருக்கும் பரிமாறவில்லை. பாத்திரங்களை மேசை நடுவில் வைத்து, ஒரு சின்னக் கரண்டியையும் வைத்தாள். "எடுத்தா முடிக்கணும். பத்தலேன்னா மறுபடி எடுத்துக்கலாம். முடிக்கலேன்னா வாளி. வாளிய அவங்களே கீழ கொண்டு போகணும்." பையன் கணக்காக எடுத்தான். பெண் வழக்கம்போலக் குவித்துக்கொண்டாள். கடைசியில் இரண்டு வாய் சோறு மிஞ்சியது. நின்று நிதானித்துவிட்டு, தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"அப்பா, நீ சாப்டு."

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்குப் பசியும் இல்லை, மருத்துவர் எழுதிய மாத்திரைச் சீட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் என் கை அந்தத் தட்டுக்குப் போய்விட்டது. விரல் சோற்றில் பட்டபோதுதான் என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். சந்தை முக்கில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கை அது, அசைக்க முடியவில்லை.

பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு நீல மூடியைத் திறந்து, தானே கொட்டினாள். அழுதுகொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

அவள் திரும்பி வரும்வரை என் மனைவி என் கையை விடவில்லை. விட்டிருந்தால் அந்தத் தட்டில் ஒட்டியிருந்த பருக்கைகளைக்கூட நான் வழித்திருப்பேன்.