இங்கே ஓர் அட்டவணை உள்ளது

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு கிருத்திகைக்கும், இந்த முறை எழுதிவிடுகிறேன் முருகா என்று சொல்லிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் வேறு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். நான் பத்தாவது வரை படித்தவன். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டியே காலம் போயிற்று. எழுதத் தெரியாதே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான்.

என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, பார்வை நல்லபடியாகத் திரும்பினால் பார்வை இல்லாதவர்களுக்கு ஏதாவது செய்கிறேன் என்று மயிலாப்பூரில் சிங்காரவேலர் சந்நிதியில் வேண்டிக்கொண்டேன். திரும்பியது. பாண்டி பஜாரை அடுத்த தெருவில் ஒரு மாடி அறையில், பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை ஸ்கேன் செய்து கணினி எழுத்தாக மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்த எழுத்தை அவர்களுடைய போன் வாய்விட்டுப் படிக்கும். ஆனால் கணினி தப்பும் தவறுமாக எழுதியிருக்கும். அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக யாராவது திருத்த வேண்டும். அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். கிருத்திகைக்கு ஒரு புத்தகம் என்று முருகனிடம் சொல்லிவிட்டேன். யாரும் கேட்காத கெடு அது.

சாதாரணப் பக்கங்கள் எளிது. அட்டவணை வந்தால்தான் கஷ்டம். ஒரு கட்டத்துச் சொல் பக்கத்துக் கட்டத்தில் புகுந்திருக்கும். எண்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அங்கே பொறுப்பில் இருந்த அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்: "சார், ஒவ்வொரு வரிசையையும் தலைப்போட சேர்த்து ஒரு வாக்கியமா எழுதிடுங்க. கட்டம் காலியா இருந்தா காலின்னே எழுதணும்." ஒரு அட்டவணைக்கு அரை நாள் போய்விடும். கிருத்திகை நெருங்கிக்கொண்டிருக்கும்.

அப்படித்தான் ஒரு தடவை, "இங்கே ஓர் அட்டவணை உள்ளது" என்று ஒரே வரி தட்டிவிட்டு அடுத்த பக்கம் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த புத்தகத்திலும் அதையே செய்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. முடித்த புத்தகத்தின் பெயரைச் சந்நிதியில் மனதுக்குள் சொல்லி, விபூதி வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவேன்.

ஒரு நாள் அந்த அறைக்குப் போனபோது ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. பட்டினப்பாக்கத்தில் இருந்து தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். அவருடைய அம்மா மீன் விற்கிறவர். சர்க்கரை நோய் வந்து காலில் புண் ஆறாமல் வீட்டில் இருக்கிறாராம். வீட்டில் சமையல் இவர்தான். அம்மாவுக்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று தெரிந்துகொள்ள, சர்க்கரை நோயாளிகளுக்கான உணவுப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நான் திருத்திக் கொடுத்த புத்தகம்.

"நீங்கதான் அந்த சாரா?" என்று என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "இன்னா சார் இது! அட்டவணை கீது, அட்டவணை கீதுன்னு போனு சொல்லிக்கினே போவுது. எங்க கீது? ஓட்டல் வாசல்ல போர்டு மாட்டிட்டு உள்ள அடுப்பே பத்த வெக்காத மாரி கீது சார்."

பொறுப்பாளர் அம்மா சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் சார், ஸ்கேன்ல சரியா விழலையா?"

"ஆமாம்மா. மெஷின்ல விழல" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. வாயில் தானாக வந்துவிட்டது. நெற்றியில் விபூதி இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு உடனே கோபம் தணிந்துவிட்டது. "மெஷினு பாவம் இன்னா பண்ணும் சார். அதுக்கு மட்டும் கண்ணா கீது? என்ன மாரிதான." அவரே சிரித்தார். பிறகு, "புக்கு இங்க கீதா? பழத்தோடது மட்டும் இப்ப படிச்சுக் காட்டேன் சார்" என்றார்.

பழம் பற்றிய பகுதியில், சர்க்கரை உள்ளவர்களும் பழம் சாப்பிடலாம், எது, எவ்வளவு என்பதை அட்டவணையில் பார்க்கவும் என்று இருந்தது. சாப்பிடலாம் என்பதை விட்டுவைத்திருந்தேன். எது, எவ்வளவு என்பதை விட்டுவிட்டேன்.

புத்தகத்தைப் பிரித்துப் படித்தேன். அவர் விரல்களை மடித்து மடித்து மனதில் வாங்கிக்கொண்டார். "கொய்யா. அளவு, ஒன்று. வாழை. அளவு, சிறியதில் பாதி."

"பாதியா?"

"பாதிதாம்மா."

"சரி, மேல சொல்லு."

"சப்போட்டா." நிறுத்தினேன்.

"இன்னா சார் கம்முனு ஆயிட்ட?"

"அளவுல ஒண்ணும் போடலம்மா. கட்டம் காலியா இருக்கு."

"அத்த சொல்லு சார். காலின்னா காலின்னு சொல்லு. நீ பாட்டுக்கு தாண்டிப் போயிட்டா, அடுத்ததுக்குப் போட்டுக்கீறத்த நானு இதுக்குப் புட்ச்சிப்பேன் இல்ல?"

"காலி. பக்கத்துக் கட்டத்துல, தவிர்க்கவும்னு போட்டிருக்கு."

மடித்த விரலை அவர் எடுக்கவே இல்லை. மெல்லிய குரலில், "எங்கம்மாக்கு அதான் சார் உசுரு. பழம் துன்னலாம்னு புக்குலயே போட்டுக்கீதேன்னு நான்தான் வாங்கியாந்து தோலு உரிச்சு உரிச்சுக் குடுத்தேன். நான்தான் குடுத்தேன்" என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கொடுக்கவில்லை அம்மா, நான் கொடுத்தேன் என்று. அதற்குப் பதிலாக, "வருத்தப்படாதீங்கம்மா, முருகன் பார்த்துக்குவான்" என்றேன். என் பொய்க்கு அவனையும் துணைக்கு இழுத்துக்கொண்டேன். புண் ஆறாததற்குச் சப்போட்டா எவ்வளவு காரணம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு படி இறங்கிப் போனது எனக்குத் தெரியும்.

அன்றே அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவந்து எல்லா அட்டவணைகளையும் வரிசை வரிசையாக எழுதினேன். காலிக் கட்டங்களைக் காலி என்றே எழுதினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு போனைப் படிக்கவிட்டுக் கேட்டேன். பழைய புத்தகங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிச் செய்தேன். கிருத்திகைகள் வந்து போயின. சந்நிதியில் எந்தப் புத்தகத்தின் பெயரையும் சொல்லவில்லை. "ஏங்க, வேண்டுதல் என்ன ஆச்சு?" என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். காலில் கட்டு சின்னதாகியிருந்தது. "இவுருதாம்மா அந்த சாரு. மெஷினு வுட்டத்த எல்லாம் குந்திக்கினு கையால அட்ச்சுக் குடுத்தவரு."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்ப நைனா. மாதா உன்னக் காப்பாத்துவா." மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தார். நெத்திலிக் கருவாடு. எங்கள் வீட்டில் மீன் நுழைந்ததே இல்லை. கை கூசியது. ஆனால் அது கருவாட்டினால் இல்லை. வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மயிலாப்பூர் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்து, எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அவர் யார் கொடுத்தது என்று கேட்டார். தெரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டுப் படி ஏறினேன்.

நேற்றுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நேரில் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்கள், ஸ்கேன் செய்கிறவர்கள், பிழை திருத்துகிறவர்கள் என எல்லோரும் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இதை அனுப்புங்கள். அனுப்பும்போது ஒரு சொல்லைக்கூட எடுத்துவிட வேண்டாம். பாவம், வயதானவர், பக்திமான் என்று இரக்கப்பட்டு, மெஷினில் விழவில்லை என்று நான் சொன்ன அந்த இடத்தைக் குறைத்துவிட வேண்டாம். கையிலிருந்து கை மாறி ஒரு நாள் இது பட்டினப்பாக்கத்தில் ஒரு போனுக்குப் போகும். அந்தப் பெண் இதை முழுதாகக் கேட்க வேண்டும்.