மலை ஏறாத வண்டி

எங்க திருத்தணியில புது வண்டி வாங்கினா முதல்ல மலைக்குத்தான் ஓட்டிக்கினு போய் பூஜை போடுவோம். அதனாலயோ என்னவோ, மலை ஏறாத வண்டியை இங்க யாரும் மதிக்கிறதில்ல. நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன ஆடியில, வீட்டுக்காரரைப் பின்னாடி உக்கார வெச்சுக்கினு போறப்போ என் எலக்ட்ரிக் பைக் பாதி மலையில நின்னுபோச்சு. பின்னாடி வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குது. "பொம்பளைக்கு எதுக்கு பைக்கு?"ன்னு ஒருத்தன் கேட்டுட்டே போனான்.

மெக்கானிக் பாஷா பாய் பேட்டரியைப் பிரிச்சுப் பார்த்தார். "இதுக்குப் புது பேட்டரி இப்ப வர்றதில்லம்மா. கெட்டுப்போன செல்லை மட்டும் மாத்தித் தரேன். ஊருக்குள்ள ஓடும், மலை இழுக்காது"ன்னார்.

வீட்டுக்காரர் மறுநாளே பழைய இரும்பு வாங்கறவரைக் கூட்டிக்கினு வந்துட்டார். வந்தவர் ஹாண்டிலைப் பிடிச்சுக்கினு, "ஓடுமா?"ன்னு கேட்டார்.

"எங்க ஓடுது? மலையே ஏறல"ன்னார் இவர்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. கடைகளுக்கு இட்லி மாவு போடறவ நான். இவர் எப்ப வந்து கொண்டுபோய் விடுவாருன்னு மாவோட வாசல்ல நின்னு, அது புளிச்சுப்போன நாளெல்லாம் இந்த பைக் வந்தப்புறம்தான் முடிஞ்சுது.

"கையை எடுங்கண்ணா. நான் மாவு போடற கடை எதுவும் மலைமேல இல்ல"ன்னேன்.

பாஷா பாய் சரிபண்ணிக் கொடுத்தார். அடுத்த கிருத்திகைக்கு பைக்கை அடிவாரத்துல நிறுத்திட்டு, படியேறிப் போய் சாமி கும்பிட்டேன்.

மலை ஏற எனக்குக் கால் இருக்குது. யார்கிட்டயும் கெஞ்சாம கடைக்குப் போறதுக்குத்தான் வண்டி வேணும்.