நெற்றி பார்க்கிற இஞ்சினியர்

மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இஞ்சினியர் ஆன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை அப்பா, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சிப் செய்யும் பேக்டரி என்றால் யாருக்கு என்ன புரியும்? "ரேடியோக்குள்ள இருக்கிற சாமான்லா" என்று அவரே ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

எனக்குக் கிடைத்தது புதுப் பட்டதாரிகளுக்குக் கொடுக்கும் அடிமட்ட வேலை. ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டும். எண்பதுகளின் நடுவில் வேலை என்பது குதிரைக்கொம்பு. என்னோடு படித்த பலர் வீட்டில் சும்மா கிடந்தார்கள். அந்த வருடக் கடைசியில் அப்பாவுக்கு ஓய்வு. ஓய்வு பெற்றவர் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். என் வேலை நிலைத்தால்தான் எங்களுக்கு வாடகை வீடு. இதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

என் தங்கை அதே பேக்டரியில் எனக்கு முன்பே ஆபரேட்டர். விடியுமுன் ஒரே பஸ்ஸில் போவோம். அவளும் தோட்டத்துப் பெண்களும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டுவார்கள். தூசி ஒரு துளிகூடப் புகக் கூடாத, ஜன்னலே இல்லாத கிளீன் ரூம். வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. கதவு மூடிக்கொண்டால் எனக்கு மூச்சு முட்டும்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கம்பி சரியாக ஒட்டாமல் கழன்றுகொண்டிருந்தது. காரணத்தைக் கண்டுபிடி, அதை வைத்துத்தான் உன் வேலை என்றார் மேனேஜர். மெஷினைக் கழற்றினேன், மாட்டினேன், தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை நானே மைக்ராஸ்கோப்பில் குனிந்தபோது, சிப்பின் மேல் வெள்ளையாக ஏதோ விழுந்தது. என் நெற்றியிலிருந்துதான். காலையில் அம்மா பூசிவிட்ட திருநீறு. அட கடவுளே! வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் பஸ்ஸில் வெறும் நெற்றி ஒன்றுகூட இருக்காதே!

பஸ்ஸிலேயே சொன்னேன், உள்ளே போகுமுன் முகம் கழுவிவிடுங்கள் என்று. முணுமுணுத்தார்கள், ஆனாலும் கழுவினார்கள். "உனக்காகத்தாண்ணே" என்றாள் தங்கை. அடுத்த வெள்ளிக்கிழமை கம்பிகள் ஒழுங்காக ஒட்டின.

மேனேஜர் மனுஷன் அதோடு விட்டிருக்கக் கூடாதா? என்ன செய்தாய் என்று கேட்டார், சொன்னேன். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என்னை நிரந்தரமாக்கினார். கையோடு இன்னொரு வேலையும் கொடுத்தார்: தினமும் காலையில் கிளீன் ரூம் வாசலில் நின்று ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்து உள்ளே விட வேண்டும். "உன் ஆட்கள்தானே, உனக்குத்தான் தெரியும்" என்றார். முடியாது என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அப்பா அதற்குள் புக்கிட் ரோத்தானில் வீடு பார்த்து முடிவு செய்திருந்தார்.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ், பார்த்தது நெற்றி! கோயிலிலும் இப்படித்தான் வரிசை நிற்கும். அங்கே பூசகர் பூசுவார், இங்கே நான் ஈரத்துணியோடு நின்றேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

முதல் நாள் ஒரு வெள்ளிக்கிழமை; அன்றே தங்கை வரிசையில் வந்தாள். தொப்பியை மேலே தள்ளினாள். காலையில் அம்மா பூசிய திருநீறு நெற்றியில் அப்படியே இருந்தது.

"போய்க் கழுவிட்டு வாம்மா" என்றேன் மெதுவாக.

"பரவால்ல சார், நீங்களே தொடைங்க. இதுக்குத்தானே நிக்கிறீங்க."

பின்னால் வரிசை காத்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நின்றிருந்தார். துடைத்தேன். அவள் இமைகூட அசையவில்லை.

சாயந்திரம் வீட்டில் சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க சார்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அம்மா சிரித்தார். புது வீட்டுக்குக் குடிபோன பிறகும் அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.