எங்கே போய்ப் பெறுவது

புதுப்பட்டினம் சந்தையில் ஒரு நாள் காலை, கூடையிலிருந்து சங்கரா மீனை எடுத்து வெட்டும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அதற்கு முன் எனக்கு மீன் குமட்டியது தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அணுமின் நிலையம் கட்டும் வேலைக்கு வந்திருந்த வடக்கத்திக்காரர் ஒருவர், வெட்டு வெட்டு என்று கையைக் காட்டிக்கொண்டே நின்றார். எனக்கு முகமெல்லாம் வேர்த்தது. சேலைக்கு மேலாகவே அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே நேராக இறங்கிய தழும்பு, தடித்த கயிறு போலக் கைக்குத் தட்டுப்பட்டது.

அந்தத் தழும்புக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை.

தலைப்பிரசவ வலி எங்கள் குப்பத்து வீட்டில்தான் தொடங்கியது. பிரசவம் பார்த்தவர் என் கணவரின் அத்தை. எங்கள் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பங்களுக்கும் அவர்தான் மருத்துவச்சி. நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். வலி கண்டு ஒரு முழு நாள் போனபிறகு எனக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. அணுமின் நிலையத்தில் ஜல்லி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் என்னை ஏற்றிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். கண் விழித்தபோது வயிற்றில் கட்டு இருந்தது, பக்கத்தில் பிள்ளை இல்லை. ஆண் பிள்ளை, தங்கவில்லை என்றார் என் கணவர். ஏன் என்று கேட்டேன்.

"உன் உசுரு கெடைச்சதே பெருசு. அத்தப் பத்தி இனிமே கேக்காத" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

குப்பத்துப் பெண்கள் அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். இவளுக்கு இடுப்பு சின்னது, பிள்ளை இறங்க வழியில்லை என்றார்கள். நானும் அதையே நம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, தூக்கக் கூடாத நேரத்தில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். ரணம் வாய் பிளந்து சீழ் வைத்தது. ஆறவே ஆறாது என்று தோன்றிய மாதங்கள் அவை. எங்கள் வீடுகளில் ஆண் கடலுக்குப் போவது பாதிப் பிழைப்பு. அவன் கொண்டுவந்ததைப் பெண் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து போய் விற்றால்தான் மீதிப் பிழைப்பு. ஒரு வருடத்துக்கு மேல் என்னால் கூடையைத் தூக்க முடியவில்லை. என் கணவர் பிடித்ததைக் கரையிலேயே கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார். வெறும் கஞ்சி குடித்த நாட்கள் நிறைய. இன்னொரு தடவை வயிற்றை அறுத்தால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்பது எனக்குள் இறங்கிவிட்டது. வீட்டில் பெற்றால் செத்துவிடுவேன் என்பதும் இறங்கியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் பெரியம்மாவிடம்தான் போனேன். மணலில் நெத்திலி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, இந்தத் தடவையும் நீதான் பாக்கணும். கூட ஒரு நர்சம்மாவ இட்டுகினு வர்றேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "என்னாண்ட வராத. நான் பாக்க மாட்டேன்."

"ஏன் பெரியம்மா?"

"அறுத்த வவுறு. வலி வந்தா தையல் வுட்டுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போ."

"போனா அறுப்பாங்களே."

"அறுக்கட்டும். உசுரோட திரும்பி வருவ."

அவர் கையைப் பிடித்து என் வயிற்றில் வைக்கப் பார்த்தேன். தொட்டுப் பார்த்து, பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்றாவது சொல்லட்டும் என்று. அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். குப்பத்தில் பாதிப் பேரைத் தன் கையில் வாங்கியவர், என்னைத் தொடக்கூட மாட்டேன் என்றது எனக்கு அவமானமாக இருந்தது. நான் அத்தனை கெட்டுப்போனவளா என்று நினைத்து அழுதேன்.

ஐந்தாம் மாதம் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துச் செங்கல்பட்டுக்குத் தனியாகப் போனேன். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா மாற்றலாகிப் புதிதாக வந்தவர். தலை நரைத்தவர், பேச்சில் அவசரம் இல்லை. தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"போன தடவை ஏன் ஆபரேஷன் பண்ணாங்க?"

"இடுப்பு சின்னதும்மா."

"யார் சொன்னா?"

"எங்க ஊர்ல சொன்னாங்க."

அவர் சிரிக்கவில்லை. "பாரும்மா. இடுப்பு குறுகல்னா வலி வர விடவே கூடாது. பழைய தையல் உள்ளேயே பிரிஞ்சா நீயும் பிழைக்க மாட்டே, குழந்தையும் பிழைக்காது. வேற காரணம்னா யோசிக்கலாம். தெரியாம நான் எப்படி யோசிக்கிறது? ஒன்பதாம் மாசம் வந்து அட்மிட் ஆயிடு. ஆபரேஷன்தான்."

"அறுக்காம பெத்துக்க வழியே இல்லியாம்மா?"

"பழைய கேஸ் சீட்டு எதுவும் இங்க கிடைக்கலை. அன்னிக்கு உன்னைக் கூட்டிட்டு வந்தது யாரு? அவர்கிட்ட காரணம் சொல்லியிருப்பாங்களே. போய்க் கேளு."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஆபரேஷன்தான் என்ற சொல்லோடு என் காது அடைத்துப்போயிருந்தது. வேடந்தாங்கல் ஏரிப் பக்கம் ஒரு கிராமத்தில் அறுத்த வயிற்றுக்கும் பிரசவம் பார்க்கும் பெண் ஒருத்தி இருப்பதாகச் சந்தையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம் அவளைத் தேடிக்கொண்டு போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வரப்பில் நடந்து போய்ச் சேர்ந்தபோது நாக்கு உலர்ந்திருந்தது. அவள் மாட்டுத் தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வந்து என் வயிற்றை அமுக்கினாள்.

"அறுத்த வவுறா? அதனால இன்னா. வெளக்கெண்ண போட்டு நீவுனா சரியாப் பூடும். மாசம் நெறஞ்சதும் வா, பெத்துக்கலாம்."

போன தடவை என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவே இல்லை. தையல் பிரிந்தால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். சாமி பார்த்துக்கொள்ளும் என்றாள். எல்லோரும் முடியாது என்று சொன்னபோது வராத பயம், இவள் சரி என்றதும் வந்தது. அவள் கொடுத்த மோரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். போக இனி ஓர் இடமும் இல்லை.

அன்று பிற்பகல் கடற்கரையில், கட்டுமரத்து நிழலில் என் கணவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் போய் மணலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் டாக்டரம்மா கேட்கச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"யோவ், அன்னிக்கு ஏன் என்ன அறுத்தாங்க?"

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"டாக்டரம்மா கேக்கறாங்க. உங்கிட்ட சொல்லியிருப்பாங்களாமே."

அவர் வலையைக் கீழே வைத்தார். கடலைப் பார்த்தபடியே பேசினார்.

"புள்ள குறுக்கால கெடந்துச்சு. மொதல்ல கைதான் வெளிய வந்துச்சு."

"கையா?"

"கை. நம்ம அத்த அந்தக் கையப் புடிச்சு இஸ்துச்சு. வரல. மறுபடி இஸ்துச்சு. நான் கதவாண்ட நின்னுகினு பாத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவுறதுக்குள்ளயே புள்ள போயிடுச்சுன்னாங்க. உள்ள அப்படியே வுட்டா நீயும் போயிடுவேன்னுதான் அறுத்தாங்க. இடுப்பு கிடுப்புன்னு யாரும் ஒண்ணியும் சொல்லல."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? தெனம் அவங்க மூஞ்சில முழிக்கிற நீ. எங்கம்மா செத்தப்பறம் என்ன வளத்தவங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது. பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை, அடக்கம் செய்த இடமும் தெரியாது. இப்போது ஒரு கை மட்டும் கிடைத்திருந்தது. மணலில் கவிழ்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, அப்படியானால் என் இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. செத்த பிள்ளைக்காக அழுகிற நேரத்தில் எனக்காக ஆசைப்படுகிறேனே என்று என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பை விட முடியவில்லை.

பெரியம்மாவிடம் இதைப் பற்றி நான் கேட்கவில்லை. சண்டையும் போடவில்லை. எதிரில் வந்தால் இரண்டு பேருமே தலையைக் குனிந்துகொள்வோம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருமாகப் போனோம். என் கணவர் கைகட்டி நின்று டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா என்னை உள்ளே படுக்க வைத்து நன்றாகச் சோதித்துப் பார்த்தார்.

"இடுப்பு மோசமில்லை. கடைசி மாசம் தலை கீழே இருந்தா முயற்சி பண்ணிப் பார்க்கலாம். உறுதியெல்லாம் சொல்ல மாட்டேன். வலி வந்தப்புறம் குப்பத்திலேருந்து பஸ் ஏறி வர்ற கதை வேணாம். ஒன்பதாம் மாசத்திலேருந்து இந்த ஊர்லயே இருக்கணும். அறுக்கணும்னு நான் சொன்னா மறுபேச்சு பேசக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். வெளியே வந்ததும் என் கணவர், "இந்த ஊர்ல நமக்கு யாரு கீறாங்க?" என்று கேட்டார்.

எங்கள் குப்பத்தில் கருவாடு வாங்கிப் போய்ச் செங்கல்பட்டுச் சந்தையில் விற்கும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். கொளவாய் ஏரிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒரே அறை கொண்ட ஓட்டு வீடு. புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. போய்க் கேட்டோம். கருவாட்டு மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி, "இந்த நாத்தத்துல படுப்பியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அங்கே வந்து சேர்ந்தேன். தலை கீழே திரும்பியிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். என் கணவர் கடலுக்குத் திரும்பிவிட்டார். கருவாட்டுக்காரம்மா காலையில் சந்தைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். நான் தனியாகப் படுத்துக்கொண்டு வயிற்றைக் கையால் தடவி, தலை எங்கே, கால் எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பேன். பிள்ளை புரண்டால் குறுக்கே திரும்பிவிட்டதோ என்று நடுங்குவேன். ரயில் போகும்போது தரை அதிரும். அந்த அதிர்வில் திரும்பிவிடுமோ என்றுகூடப் பயந்தேன். ஒரு நாள் வலி என்று ஓடினேன். இது வலியே இல்லை, போய்ப் படு என்று நர்ஸ் திருப்பி அனுப்பினாள். அதன் பிறகு எதை வலி என்று நம்புவது என்றும் தெரியாமல் போயிற்று.

நிஜ வலி ஒரு விடியற்காலையில் வந்தது. கருவாட்டுக்காரம்மா சந்தைக்குப் போகாமல் என்னை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனாள். டாக்டரம்மா வேறொரு ஆபரேஷனில் இருந்தார். சின்ன வயது டாக்டர் ஒருத்தி என் தழும்பைப் பார்த்ததும், அடுத்து உன்னைத்தான் தியேட்டருக்குக் கொண்டுபோகணும் என்றாள்.

"வேணாம்மா. பெரிய டாக்டரம்மா வரட்டும். அவங்க சொன்னாங்க, பாக்கலாம்னு சொன்னாங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, கையை விடும்மா. பக்கத்துலயே இருக்கேன்" என்றாள். சொன்னபடியே இருந்தாள். ஒவ்வொரு வலிக்கும் தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்து, "இங்க வலிக்குதா, இங்க வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை இல்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் எங்கே வலிக்கிறது, எங்கே வலிக்கவில்லை என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. இரண்டு கட்டில் தள்ளி ஒருத்திக்குக் குழந்தை பிறந்து அழுதது. எனக்கு மட்டும் பிறக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு டாக்டரம்மா வந்தார். அதற்குள் என் பலமெல்லாம் போயிருந்தது. அடுத்த வலியில் அடிவயிறு கிழிகிறது என்றே நினைத்தேன். உள்ளே தையல் பிரிந்துவிட்டது, அந்தப் பிள்ளை மாதிரியே இதுவும் போகப்போகிறது. இத்தனை மாதமாக எதற்கு அலைந்தேனோ அதை நானே தூக்கிப் போட்டேன்.

"என்ன அறுத்துடுங்கம்மா. என்னால முடியல. புள்ளய மட்டும் எடுத்துடுங்க. அறுத்துடுங்க" என்று கத்தினேன்.

"இனிமே எங்கே அறுக்கிறது? தலை வாசல்ல நிக்குது" என்றார் டாக்டரம்மா. "நீ முக்க வேண்டாம். தையலுக்குக் கஷ்டம். ஆயுதம் போட்டுத் தலையைப் பிடிச்சு எடுக்கிறேன். அசையாதே."

இரும்பின் குளிர்ச்சி பட்டது. ஆயா என் தோள்களை அழுத்திப் பிடித்தாள். பிறகு வந்த வலியை எழுத எனக்குச் சொல் கிடையாது. அதன் முடிவில் என்னுள்ளிருந்து எல்லாமே வழுக்கிக்கொண்டு போனது. அழுகைச் சத்தம் வரவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, இதுவும் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் பூனை கத்துவதுபோல ஒரு குரல்.

"பொம்பளப் புள்ள" என்றாள் ஆயா.

இரண்டு நெற்றிப்பொட்டிலும் ஆயுதம் பட்டுச் சிவந்த தடம் இருந்தது. சில நாட்களில் மறைந்துவிடும் என்றார்கள், மறைந்தது. டாக்டரம்மா வெகுநேரம் உள்ளே சோதித்துப் பார்த்துவிட்டு, பழைய தையல் கெட்டியாக இருக்கிறது என்றார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. பல் கிட்டிக்கொண்டு உடம்பு குளிர் கண்டதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

செய்தி போய்ச் சேர்ந்து என் கணவர் மறுநாள்தான் வந்தார். வார்டு வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

"அறுத்தாங்களா?"

"இல்ல."

"புள்ள?"

"தோ கீது, பாரு."

அவர் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டார். நர்ஸ் வந்து எழுந்திருக்கச் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் மாதம் கூடை தூக்கினேன். அதற்கு அப்புறம் குப்பத்தில் முழுகாமல் இருக்கிறவர்கள் என்னிடம் வந்து, எங்கே போகலாம் என்று கேட்பார்கள். பஸ் வரும் நேரத்தையும் டாக்டரம்மா உட்காரும் அறையையும் சொல்வேன். பக்கத்து வீட்டுப் பெண், தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவள், ஒரு நாள் வந்து, "அங்க போனா அறுக்காம பொறக்குமாக்கா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று. என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அந்தப் பெண்ணோடு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.