வெறும் பாத்திரம் வெளியே போகாது

எங்கள் வீட்டில் ஹாலை விட்டால் இரண்டு அறைகள். ஒன்றில் நானும் வீட்டுக்காரரும் படுப்போம். இன்னொன்றில் எங்கள் மகளின் கல்யாணம் குடியிருந்தது. மகள் ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள்.

அவள் பிறந்த வருஷத்துப் போனஸில் ஒரு பித்தளைச் செம்பு வாங்கினேன். அதுதான் ஆரம்பம். அப்போது நான் திண்டுக்கல்லில் டெலிபோன் ஆபரேட்டர். ஊரார் பேச்சைக் காதில் வாங்கியே சம்பளம் வாங்கியவள். பெண்ணைப் பெற்ற வீட்டைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆகவே செம்புக்குப் பிறகு குடம், குடத்துக்குப் பிறகு அண்டா, அப்புறம் இட்லிக் கொப்பரை, சாம்பார் வாளி, தாம்பாளம் என்று தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஏதாவது ஒன்று வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. வாங்கும்போதே கடையில் அவள் பெயரை வெட்டச் சொல்லிவிடுவேன். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுகிற அந்த மிஷினின் கிர்ரென்ற சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். "பேருக்குப் பின்னாடி கொஞ்சம் எடம் விடுங்க," என்பேன். மாப்பிள்ளையின் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற முன்யோசனை. அந்தப் பாத்திரக் கடையே இப்போது செல்போன் கடையாகிவிட்டது. விட்ட இடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பாப்பாவுக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. பாப்பா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறோம். மாப்பிள்ளை பார்த்தோம், பார்க்காமல் இல்லை. சிலரை அவளுக்குப் பிடிக்கவில்லை. சிலருக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஒருவரை எனக்கே பிடிக்கவில்லை. நான் போட்டுக் கொடுத்த காபியை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார். போகப் போகப் பார்ப்பது குறைந்து, ஒரு கட்டத்தில் தானாகவே நின்றுபோனது. பாத்திரம் வாங்குவதை மட்டும் நான் நிறுத்தவில்லை.

எங்கள் ஊர்த் தண்ணீர்க் கதை தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். குழாயில் தண்ணீர் வருகிற அன்று பிளாஸ்டிக் குடம், பக்கெட், பெயின்ட் டப்பா வரை வீட்டில் இருக்கிற எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். போதாமல் பக்கத்து வீட்டில் குடம் இரவல் கேட்டதும் உண்டு. அந்நேரம் அந்த இன்னொரு அறையில், எங்கள் சாமான் ரூமில், அண்டா அண்டாவாகக் காலியாகக் கிடக்கும். "அதுல புடிச்சா என்ன புள்ள?" என்று வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். புழங்கிய பாத்திரத்தைச் சீர் என்று எப்படி வைப்பது என்று நான் போட்ட சத்தத்தில் அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கு முன்னாலும் அத்தனையையும் கீழே இறக்கி, பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடி ஏற்றி அடுக்குவேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் என் இடுப்பு என் பேச்சைக் கேட்காது.

கொரோனா சமயத்தில் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வந்த பாப்பா இங்கேயே தங்கிவிட்டாள். கம்பெனியும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று விட்டுவிட்டது. அவளுக்கு இந்த ஊர் பிடித்திருந்தது. எங்களுக்கு அவள் இருப்பது பிடித்திருந்தது. ஹால் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். அவள் மீட்டிங்கில் இருந்தால் நாங்கள் மூச்சுக்கூட மெதுவாக விடுவோம். வீட்டுக்காரர் டிவியைச் சத்தமில்லாமல் பார்க்கப் பழகி, வாயசைவை வைத்தே யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார். குக்கர் விசில் அடிப்பதற்குள் நான் ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். பருப்பு வேகாத சாம்பாரைத்தான் அத்தனை மாதமும் சாப்பிட்டோம்.

அப்படி ஒருநாள் வத்தலக்குண்டிலிருந்து என் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா. நல்ல மனுஷி, வெறும் கையோடு வந்ததே இல்லை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிய சூட்டோடு சாமான் ரூம் கதவைத் திறந்து பார்ப்பார். பாப்பாவின் சடங்குக்கு அத்தை முறையாக அவர் கொடுத்த பெரிய எவர்சில்வர் அண்டா அதற்குள்தான் இருந்தது. அன்றும் திறந்தார். அன்றும் கேட்டார்.

"இம்புட்டுச் சாமானும் அப்படியே கெடக்கே! பாப்பாவுக்கு இன்னும் ஒண்ணும் அமையலையா?"

அவருடையது தோட்டத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவர்களோடு பேசிப் பழகிய குரல். பாப்பா அப்போது மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாள். மறுபக்கம் இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். யாரோ சிரித்தது எனக்கே கேட்டது. பாப்பா மீட்டிங்கை முடித்துவிட்டு எழுந்துபோய் அத்தைக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அவர் பஸ் ஏறிய பிறகு என்னிடம் வந்தாள்.

"அம்மா, எனக்கு அந்த ரூம் வேணும். இல்லைன்னா அடுத்த மாசம் பெங்களூருக்கே போயிடுறேன். கோவத்துல சொல்லல. இப்படியே போனா வேலைக்கே வேட்டு வச்சிரும்மா."

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு மறந்திருப்பேன். அவள் நிதானமாகச் சொன்னதால் மறக்க முடியவில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான், அவர், ஒரு டிவி. அதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஒரு பெண் தன் வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துப் பார்க்கிறாள். இது சந்தோஷம் தருகிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். தந்தால் வைத்துக்கொள்கிறாள். தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறாள்.

"சந்தோஷம் தர்றத மட்டும் வச்சுக்கணும்னா மொதல்ல உங்கப்பாவத்தான் அனுப்பணும்," என்றேன்.

"கேக்குது, கேக்குது," என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

பாப்பா விடுவதாக இல்லை. கையைப் பிடித்து சாமான் ரூமுக்குக் கூட்டிப்போய், ஒரு சாம்பார் வாளியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "கண்ண மூடிக்கம்மா. என்ன தோணுது?" எனக்கு இடுப்பு வலிதான் தோன்றியது. அடுத்தது ஒரு தாம்பாளம். பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனவர்களுக்காக வாங்கியது. அன்றைக்குச் சுட்ட பஜ்ஜி வாசம் உட்பட ஞாபகம் வந்தது. அடுத்தது நாத்தனாரின் அண்டா. அதைத் தூக்கக்கூட இல்லை, தொட்டதுமே அவர் குரல் காதுக்குள் கேட்டது. எனக்கு அதற்கு மேல் மறைக்க வரவில்லை.

"பயமா இருக்கு பாப்பா. இதப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தாம்மா," என்றாள்.

இத்தனை வருஷமும் ஒரே கதவைப் பார்த்து இரண்டு பேரும் பயந்திருக்கிறோம். ஒருத்தியிடம் ஒருத்தி சொல்லவில்லை. நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மனதில் இருந்ததை நேராகவே கேட்டேன். "எல்லாத்தையும் அனுப்பிட்டா, உனக்குக் கல்யாணமே ஆகாதுன்னு பெத்தவளே முடிவு கட்டின மாதிரி ஆயிராதா?"

"கல்யாணம் ஆச்சுன்னா, நான் போற வீட்டுல அண்டா வைக்க எடம் இருக்காதும்மா. ஆகலைன்னா, எனக்கு உக்கார எடம் வேணும். ரெண்டுக்குமே இது வேண்டாம்."

நான் எழுந்து அந்தச் சாம்பார் வாளியைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

பழைய சாமான் எடுக்கிற கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் வீட்டுக்காரர். எடைக்குப் போட்டால் உருக்கிவிடுவார்கள். பிள்ளை பெயரை உருக்கக் கொடுப்பார்களா என்று அவர் மேல் பாய்ந்தேன். அடுப்பெரிகிற இடங்களுக்குத்தான் எல்லாம் போக வேண்டும் என்றேன். இன்னொரு நிபந்தனையும் போட்டேன். எந்தப் பாத்திரமும் வெறுமையாக இந்த வாசலைத் தாண்டக் கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக்கூட நாங்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை, கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். பிள்ளைக்கென்று வாங்கியது வெறுமையாகப் போகலாமா?

"அம்புட்டு அண்டாவையும் நெறைக்கணும்னா அரிசி மண்டியத்தான் வெலைக்கு வாங்கணும்," என்றார் அவர்.

நிறைக்க வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது இருந்தால் போதும் என்று விளக்கினேன். செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாது என்பதால் வேலை இழுத்துக்கொண்டே போனது. பாப்பா காலண்டரைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். இட்லிக் கொப்பரை, தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவுக்கு உளுந்தோடு போனது. பெரிய தேக்சா, என்னோடு ஆபரேட்டராக இருந்த பேகம்பூர்க்காரிக்கு. நோன்புக் கஞ்சி காய்ச்ச ஆகும் என்று, உள்ளே போட்ட பாசிப்பருப்பு சிந்தாமல் ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள். குடங்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயின. அண்டாக்களும் சாம்பார் வாளிகளும் கோயில் அன்னதானத்துக்கு. கடைசியில் எங்கள் சமையலறையில் உப்பு ஜாடிகூடக் காலி. ஒருநாள் மத்தியானம் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எதுவும் இல்லாமல் மோர்ச் சோறு வைத்தேன்.

"சாமான் ரூமக் காலி பண்ணச் சொன்னா, அடுப்பங்கரையக் காலி பண்ணிட்டாளே உங்கம்மா," என்று பாப்பாவிடம் முறையிட்டுவிட்டு, வீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனார்.

நான் கொடுக்காதவை இரண்டே இரண்டு. ஒரு பித்தளைக் குடம், தண்ணீர் பிடிக்க. இன்னொன்று அந்த முதல் செம்பு. அதைக் கையில் எடுத்துக் கண்ணை மூடியபோது பயம் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றி அவளைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்தது ஞாபகம் வந்தது. "இது இருக்கட்டும்," என்றேன். பாப்பா ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

அடுக்கியிருந்த பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்ததையே நாங்கள் மறந்திருந்தோம். அதைத் திறந்தோம். அதன் கீழே ஒரு மேஜை வந்தது, நாற்காலி வந்தது, லேப்டாப் வந்தது. பாப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட முதல் நாள், நான் குக்கரில் பருப்பைப் போட்டு நாலு விசில் விட்டேன். யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை. பருப்பு குழையக் குழைய வெந்திருந்தது. வீட்டுக்காரர் டிவியில் சத்தத்தைக் கூட்டினார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. பொங்கல் வரப்போகிறது, தேய்க்க ஒன்றுமில்லை என்று நினைத்தபோது இன்னொரு அப்பாடா. பழக்க தோஷத்தில் அதை இன்னும் சாமான் ரூம் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். "சாமான் ரூம்ல பாப்பா என்ன பண்ணுது?" என்பார் அவர்.

ஒருநாள் கோயில் அன்னதானத்தில் போய் உட்கார்ந்தேன். சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தவர் கையில் இருந்த வாளியில் என் மகளின் பெயர். பெயருக்குப் பின்னால் நான் விடச் சொன்ன இடம். அந்த இடத்தில் சாம்பார் வழிந்து காய்ந்திருந்தது. எனக்கு அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. "இன்னொரு கரண்டி ஊத்துங்க," என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனாலும் ஒரு பயம் பாக்கி இருந்தது. நாத்தனார் வருவார், கதவைத் திறப்பார், தன் அண்டாவைத் தேடுவார். என்ன சொல்வது என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். சிலவற்றில் நான் பணிவாகப் பேசினேன், சிலவற்றில் சண்டையே போட்டேன்.

வந்தார். வாழைப்பழச் சீப்பை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் போய்க் கதவைத் திறந்தார். பாப்பா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். அத்தையைப் பார்த்துச் சிரித்து, செத்த நேரம் இருங்க என்று கையால் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். நாத்தனார் வாசலிலேயே நின்றார். மேஜையைப் பார்த்தார். அதன் மேல் தண்ணீரோடு இருந்த செம்பைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு அடுப்பங்கரைக்கு வந்தார்.

தயாராக இருந்த நான் முந்திக்கொண்டேன். "மதினி, உங்க அண்டாவ நான்தான் கோயிலுக்கு..."

"மெதுவாப் பேசு," என்று உதட்டில் விரலை வைத்தார். "பாப்பா வேலையா இருக்குல்ல."

அன்று மத்தியானம் முழுக்க அவருடைய முழங்கால் வலியையும் தக்காளி விலையையும் நாங்கள் ரகசியக் குரலில் பேசினோம். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எப்போதும் கேட்கிற கேள்வியை அவர் கேட்கவில்லை. சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனபோதுதான், அங்கேயும் அதே ரகசியக் குரலில், "அண்டாவ வெறும் அண்டாவாவா குடுத்த?" என்றார்.

"இல்ல மதினி. ஒரு படி பச்சரிசியும் வெல்லமும் போட்டுத்தான் குடுத்தேன்."

"அப்பச் சரி," என்றார். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி, பழைய குரலில், பஸ் ஸ்டாண்டே கேட்கிற மாதிரிச் சொன்னார். "பாப்பா ரூமுக்கு ஒரு நல்ல ஃபேனா வாங்கிப் போடு. பிள்ள வேர்த்துக் கெடக்கு!"