வெளியே வருகிறவர்களின் இடது பக்கம்

என் அக்காள் புருஷனைப் போல நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. அவரைப் போல மாட்டிக்கொண்டு முழிக்கிற மனிதரையும் பார்த்ததில்லை. அத்தான் சுற்றுலா பஸ் ஓட்டுகிறவர். மாதத்தில் மூன்று நான்கு தடவையாவது அந்தப் பழைய கோயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் முகம் கழுவி, ஈரத் துண்டோடு அக்காவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கோயில் கதை ஒன்று சொல்வார். அக்கா தைத்துக்கொண்டே கேட்பாள். கதை சூடு பிடிக்கும்போது மட்டும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள்.

பத்தொன்பது வருஷம் இப்படித்தான் ஓடியது. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரை விட்டு அக்காவால் ஒரு நாள்கூட நகர முடியவில்லை. அதனால் கோயிலே அவளைத் தேடி ஸ்டூலுக்கு வந்தது. கேட்டதை அவள் சும்மா வைத்துக்கொள்வாளா? ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிற பெண்களைப் பிடித்துக்கொள்வாள்.

"வாசல்ல நுழைஞ்சதும் இடது பக்கம் ஒரு கல் யானை. ராத்திரியானா எழுந்து குளத்துக்குத் தண்ணி குடிக்கப் போயிடுமாம். அதான் காதுல ஆணி அடிச்சு நிறுத்தி வச்சிருக்காங்க. கையத் தூக்குங்க, கக்கம் அளக்கணும்."

தெருவில் அத்தானுக்குப் 'புராணம்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

மாமனார் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். இந்த வருஷம் பஸ் முதலாளிக்கு என்ன ஞானோதயமோ, ஓட்டுநர்களின் குடும்பங்களை ஒரு நாள் அதே கோயிலுக்குத் தன் செலவில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். அக்கா தன் பெயரோடு என் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

முந்தின நாள் மத்தியானம் அத்தான் என் அலுவலக வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"உனக்குக் காய்ச்சல்னு சொல்லும்மா. எப்படியாவது அவளை நிறுத்து."

"ஏன் அத்தான்? அவ நேத்தே புடவைய இஸ்திரி போட்டாச்சு."

"நான் அந்தக் கோயிலுக்குள்ள போனதே இல்ல."

பிறகு விஷயத்தை விளக்கினார். பயணிகளின் பெட்டி படுக்கை உள்ளே இருக்கும்போது ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக்கூடாது. அது முதலாளி போட்ட சட்டம். கல்யாணமான புதிதில், "உள்ள போய்ப் பாத்தீங்களா?" என்று அக்கா ஆசையாகக் கேட்டிருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து "பாத்தேன்" என்று சொல்லிவிட்டார். அதன்பின் தரிசனம் முடிந்து வண்டி ஏறுகிறவர்கள் பேசிக்கொள்வதை எல்லாம் காதில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

"பத்தொன்பது வருஷமும் பொய்யான்னு அவ கேட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "ராத்திரிக்குள்ள நீங்களே சொல்லிடுங்க" என்றேன். மண்டையை மண்டையை ஆட்டினார். சொல்லவில்லை.

மறுநாள் பஸ்ஸில் அக்கா எழுந்து நின்று அறிவித்தாள்: "யாரும் கைடு வைக்க வேண்டாம். எங்க வீட்டுக்காரர் இருக்காரு." அன்று வண்டியை ஓட்டியது வேறொருவர்; முன் சீட்டில் அத்தான் இன்னும் கொஞ்சம் குறுகி உட்கார்ந்தார்.

கோபுர வாசலைத் தாண்டியதும் அவர் விறுவிறுவென்று இடது பக்கம் திரும்பினார். பின்னால் பன்னிரண்டு பெண்கள். அங்கே ஒரு தண்ணீர்க் குழாயும், கைபேசியை அணைக்கச் சொல்லும் பலகையும்தான் இருந்தன. காதில் ஆணியோடு யானை வலது பக்கத்தில் நின்றது.

"யானைய இடம் மாத்திட்டாங்க போல" என்றார் அத்தான். லாரி உயரத்துக்கு ஒரே கல்லில் செதுக்கிய யானை அது!

அடுத்து, தட்டினால் ஓசை வருகிற தூணைக் காட்ட வலது பக்கம் போனார். அது இடது பக்கம் இருந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவருக்குக் கோயிலைச் சொன்னவர்கள் எல்லாரும் வெளியே வந்தவர்கள். அவர்களுக்கு இடது என்றால் உள்ளே போகிறவனுக்கு வலது. மனிதர் கோயில் முழுவதையும் திருப்பிப் போட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

பெரிய மண்டபத்துக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "அம்மன் எந்தப் பக்கங்க? சுவாமி தாயக்கட்டை ஆட்டத்துல தோத்துட்டு, ஜெயிச்சேன்னு பொய் சொன்னாரே. கோவத்துல திரும்பி நின்ன அம்மன், இன்னிக்கு வரைக்கும் திரும்பலன்னு சொன்னீங்களே?"

அத்தான் வலது கையைத் தூக்கினார். இறக்கினார். இடது கையைத் தூக்கினார்.

"தெரியாதும்மா" என்றார். "நான் உள்ள வந்ததே இல்ல. எல்லாம் வண்டியில உக்காந்து கேட்டது."

அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூண் பக்கம் திரும்பிவிட்டாள். தோள்கள் குலுங்கின.

"அழறா" என்றார் அத்தான் என்னிடம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மண்டபம் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் எங்கள் கூத்து எதுவும் தெரியாமல் விளக்குமாற்றால் மூலையைக் காட்டினாள். "அம்மனா? அதோ நிக்கிறா. முதுகை மட்டும் பாத்துட்டு ஓடிப்போயிடாதீங்க, எல்லாரும் அப்படித்தான் போறாங்க. அந்தச் சந்துல குனிஞ்சு சுத்தி வந்து முகத்தைப் பாருங்க. கோவமாம் கோவம்! பொய் சொல்லி மாட்டிக்கிட்டு சாமி முழிச்ச முழியைப் பாத்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எதிர்ல சிரிச்சா அவர் மனசு நோகுமேன்னு திரும்பிக்கிட்டா."

அத்தான் அம்மனைச் சுற்றிப் போகவில்லை. அக்கா நின்ற தூணைச் சுற்றிப் போனார். நானும் எட்டிப் பார்த்தேன். அக்கா கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யானைய... இடம் மாத்திட்டாங்களாம்!"

அத்தானுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அக்காவுக்கு அது பாதியிலேயே நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் மாற்றிப் போட்ட பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். இரண்டாம் நாளாக அதே சட்டை.

"அப்போ இத்தனை வருஷமும் அந்தத் தகர வண்டிக்குள்ளயா உக்காந்திருந்தீங்க? இந்த வெயில்லயா?" அவள் குரல் உடைந்தது. "எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? கூட ஒரு பாட்டில் தண்ணியாவது குடுத்து அனுப்பியிருப்பேனே."

அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்துக்குள் குனிந்தாள். "தலை இடிக்கும், பாத்து வாங்க" என்று சொல்வது கேட்டது.